பெருவிரலின் இடம்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாசாபாத்துக்குச் செல்லும் சாலையில் ஐயம்பேட்டை என்னும் ஊர் உள்ளது. தஞ்சை மாவட்டத்திலும் இப்பெயர் கொண்ட ஊர் ஒன்று உண்டு. ஈண்டுக் கூறப்படுவது காஞ்சியை அடுத்த ஐயம்பேட்டையாகும். நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற வட்டாரம் அது. அங்குக் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்யும் ஒருவரின் கைகளைச் சற்றே நின்று நோக்குவோமாயின் ஒன்று புலனாகும். கால்கள் மிதிகளை மாறி மாறி மிதிக்கின்றன. ஒரு கை நாடாவைச் செலுத்துகின்றது. மற்றொரு கை அச்சை இழுத்து ஊடையிழையை நெருக்குகின்றது. இடையில் பாவிழை ஒன்று அறுந்துவிட்டால் தறி நிற்கின்றது. நெசவாளர் அறுந்த முனைகளைத் தேடி எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து ஒரு முறுக்கு முறுக்குகின்றார். இழை கூடிவிடுகின்றது. அம்முறுக்கில் வலிமை தோன்றுவதில்லை. வலிந்து அழுத்தினால் மயிரினும் மெல்லிய அப்பட்டிழை மீண்டும் அறும். தொடுதல் வேண்டும், பற்றுதல் கூடாது.

இத்தகைய நெசவாளர் வீடொன்றில் பிறந்த மாணவன் ஒருவன், கிட்டார் என்னும் நரம்புக்கருவியைப் பயிலத் தொடங்கினான் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி விடுமுறை நாள்களில் அவன் தந்தையாருக்குத் துணையாகத் தறியில் அமர்பவன். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலை நெய்யும்பொழுது, தறியின் ஒரு புறத்தில் துணையாள் ஒருவர் அமர்ந்து கரைக்குரிய நாடாவை எறிந்து தருதல் வேண்டும். அப்பணி அவனுடையது. மாலையில் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொள்கின்றான். முதல் இரண்டு நாள் விரல் நுனிகள் எரிந்தன. அதனை அவன் பொருட்படுத்தவில்லை. ஐந்தாம் நாள் நோவு விரல் நுனியை விட்டுப் பெருவிரலின் அடியிலும் மணிக்கட்டிலும் ஏறியது. மறுநாட் காலையில் தறியில் அமர்ந்தபொழுது, அறுந்த இழையை முறுக்கக் கை ஒத்துழைக்கவில்லை. தந்தையார் அக்கையை நோக்கினார். பின்னர்க் கிட்டாரை நோக்கினார். ஒன்றும் சொல்லவில்லை.

அவன் செய்த பிழை யாது? தந்திகளை அழுத்திய நான்கு விரல்களும் பிழை செய்யவில்லை. எந்தத் தந்தியையும் தொடாமல், கண்ணுக்குத் தெரியாமல், கருவியின் பின்புறத்தே மறைந்திருந்த பெருவிரலே பிழை செய்தது.

பெருவிரல் ஏனைய நான்கு விரல்களைப் போன்றதன்று. அவற்றிற்கு மும்மூன்று எலும்புகள் உள்ளன; இதற்கு இரண்டே. அவை உள்ளங்கையை நோக்கி மடங்கவும் நிமிரவும் வல்லன. சற்றே அகலவும் கூடும். பெருவிரலோ மற்ற விரல் ஒவ்வொன்றின் எதிரிலும் சென்று நிற்க வல்லது. அதன் அடிமூட்டு, குதிரையின் மேல் இடும் சேணத்தைப் போன்ற வடிவுடையது. ஒரு சேணத்தின்மேல் மற்றொரு சேணத்தைக் குறுக்காகக் கவிழ்த்தாற்போல் இரண்டு எலும்புகள் அங்கே பொருந்துகின்றன. ஆதலால் பெருவிரல் முன்னும் பின்னும் பக்கத்திலும் இயங்குகின்றது. உள்ளங்கையில் அதன் அடியில் மேடுபோல் தோன்றும் தசைத்திரள் அதற்கே உரியது. எழுதுகோலைப் பிடித்தலும், ஊசியில் நூல் கோத்தலும், மரக்கிளையைப் பற்றித் தொங்குதலும் இவ்வமைப்பினால் கைகூடுகின்றன.

இவ்வாற்றலே கிட்டார் பயில்வோனுக்குத் தொல்லையாகவும் முடிகின்றது. கையில் ஒரு கோல் அகப்பட்டால் அதனைச் சுற்றிப் பற்றிக்கொள்வது பெருவிரலின் பிறவிக்குணம். கிட்டாரின் கழுத்தும் அதற்கு ஒரு கோலாகவே தோன்றுகின்றது. மண்வெட்டியின் காம்பைப் பிடிப்பதுபோல் அது கழுத்தைப் பிடித்துக்கொள்கின்றது. பிடிப்பு இறுகியவுடன் ஏனைய விரல்களின் இயக்கம் குன்றிவிடுகின்றது.

கருவியின் அமைப்பைச் சிறிது அறிந்தாலன்றி இது விளங்காது. கிட்டாரில் தந்திகள் ஆறு. அவை ஒரு முனையில் முறுக்காணிகளாலும் மறுமுனையில் குதிரையாலும் இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. கழுத்தின்மேல் குறுக்கே உலோகக் கட்டைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. வீணையில் இவற்றை மெட்டு என்பர். அப்பெயரையே ஈண்டும் கொள்வோம். பாட்டின் மெட்டு வேறு, இம்மெட்டு வேறு என்பதை மட்டும் நினைவிற்கொள்க. இடக்கை விரல் ஒரு தந்தியை ஒரு மெட்டின் பின்னே அழுத்தினால், தந்தியின் அதிரும் நீளம் குறைந்து சுருதி உயர்கின்றது. வலக்கை மீட்ட, அச்சுரம் ஒலிக்கின்றது.

மெட்டுகளுக்கிடையேயுள்ள தொலைவு எங்கும் ஒரே அளவினதன்று. பழைய முறையிலமைந்த கிட்டாரில் தந்தியின் நீளம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். முதல் மெட்டு, தந்தி தொடங்கும் இடத்திலிருந்து 3.6 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதியான தொலைவில் நிற்கும். அடுத்த மெட்டு அதனினும் குறைந்த தொலைவில் வரும். இங்ஙனம் சிறுகிச் சிறுகி, 12ஆம் மெட்டு தந்தியின் சரிபாதியில் அமையும். அங்கே ஒலிப்பது மேல் தாயியின் அதே சுரம். தொடக்கத்திலுள்ள நான்கு மெட்டுகளும் சேர்ந்து 13 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இடத்தைக் கொள்கின்றன. அதனை நான்கு விரல்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சிறுவனது கைக்கு இஃது எளிதன்று. அதிலும் தொடக்கப் பாடங்கள் எல்லாம் விரல் மிகவும் விரிய வேண்டிய அவ்விடத்திலேயே தொடங்குவது வியப்பே!

இனி, பெருவிரல் கழுத்தைச் சுற்றி மேல் விளிம்பில் ஏறிக்கொண்டால் நிகழ்வது யாது? உள்ளங்கை கழுத்தின் அடியில் ஒட்டிக்கொள்கின்றது. விரல்களின் பாதி நீளம் கழுத்தைச் சுற்றுவதிலேயே செலவாகிவிடுகின்றது. எஞ்சிய பாதி தந்திகளின்மேல் சாய்வாகப் படுகின்றது. சாய்ந்த விரல் ஒரு தந்தியை அழுத்தும்பொழுதே பக்கத்துத் தந்தியையும் தொட்டு அதன் ஒலியை அவித்துவிடுகின்றது. சிறுவிரலோ தொலைவிலுள்ள மெட்டை எட்டவே மாட்டாது. ஆனால் பெருவிரலைக் கழுத்தின் பின்புறத்து நடுவில், நடுவிரலுக்கு ஏறத்தாழ எதிரில் வைத்தால், உள்ளங்கை கழுத்தை விட்டு விலகுகின்றது. விரல்கள் வளைந்து எழுந்து, நுனிகள் நேர்குத்தாகத் தந்தியின்மேல் இறங்குகின்றன. அதே கை, அதே விரல்கள், ஆயினும் ஒரு மெட்டளவு நீளம் கூடியதுபோல் தோன்றும். பெருவிரலின் நுனியன்று, அதன் தசைப்பகுதியே கழுத்தைத் தொடுதல் வேண்டும். அது பின்னோக்கி ஒடிந்தாற்போல் வளைதலும் கூடாது.

இது கேட்ட மாணவன் மற்றோர் எல்லைக்குச் சென்றுவிடுவதும் உண்டு. பெருவிரலைக் கழுத்தின் கீழ்விளிம்பு வரை இறக்கி, மணிக்கட்டை முன்னே தள்ளி, கையைக் கொக்கின் கழுத்துப்போல் வளைத்துவிடுகின்றான். இதுவும் தீதே. விரல்களை மடக்கும் தசைகளிற் பெரும்பாலன முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டிலுள்ள ஒடுங்கிய வழியாக விரல்களுக்குச் செல்கின்றன. மணிக்கட்டு மிக வளைந்தால் அத்தசைகள் தம் வலிமையை இழக்கின்றன. இதனை மாணவர் தம் கையிலேயே கண்டறியலாம். மணிக்கட்டை நேராக வைத்து ஒரு பென்சிலை இறுகப் பிடித்துக்கொள்க. பிறகு, பிடியைத் தளர்த்தாமல், மணிக்கட்டை உட்புறமாக முடிந்த அளவு வளைத்துப் பார்க்க. பிடி தானே தளர்வதையும், பக்கத்திலிருப்பவர் பென்சிலை எளிதில் உருவிக்கொள்வதையும் காணலாம். அவ்வளவு வளைந்த கையினால் தந்தியை அழுத்துவோன், இருமடங்கு உழைத்துப் பாதிப் பயனே பெறுகின்றான்.

எவ்வளவு அழுத்துவது என்பதும் அறியத்தக்கது. பெரும்பாலோர் தேவைக்கு மிஞ்சியே அழுத்துகின்றனர். விரலை மெட்டிற்கு மிக அருகில், அதன் பின்புறத்தே வைத்தால் சிறிய விசை போதும். இரண்டு மெட்டுகளுக்கும் நடுவில் வைத்தால் விசை மிகுதியாக வேண்டும். மெட்டின்மீதே வைத்தால் ஒலி மழுங்கும். விரல்கள் முன்னிருந்து அழுத்தும் விசைக்கு ஈடாகப் பின்னிருந்து ஒரு விசை எதிர்நிற்க வேண்டும். இன்றேல் கழுத்துப் பின்வாங்கும். அவ்வெதிர்விசை முழுவதும் பெருவிரலிலிருந்தே வரவேண்டும் என்று எண்ணுவதே பயில்வோரின் மயக்கம். வலது முன்கை கருவியின் உடலின்மேல் படிந்திருக்கின்றது. கருவியின் முதுகு மார்பில் சார்ந்திருக்கின்றது. இவை இரண்டும் நெம்புகோல்போல் நின்று கழுத்தை முன்னோக்கித் தாங்குகின்றன. இடக்கையின் எடையும் விரல்கள்வழியே தந்தியின்மேல் இறங்குகின்றது. பெருவிரலைக் கழுத்தினின்று முற்றும் எடுத்துவிட்டு ஒரு சுரத்தை வாசித்துப் பார்த்தால், அது தெளிவாகவே ஒலிக்கும். ஆசிரியர் பலர் இப்பயிற்சியைச் செய்விப்பதுண்டு. பெருவிரல் இல்லாமலே வாசிக்கலாம் என்பது இதன் கருத்தன்று. பெருவிரல் எவ்வளவு சிறிய பங்கை ஏற்றால் போதும் என்பதை அப்பயிற்சி காட்டுகின்றது.

அமரும் முறையும் இதனோடு தொடர்புடையது. கருவி மடியில் நில்லாது வழுக்கினால், அதனைத் தாங்கும் சுமை இடக்கையின்மேல் விழும். தாங்கும் கை வாசித்தல் அரிது. ஸ்பெயின் நாட்டுக் கிட்டார்க் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரேகா (1852-1909) இடப்பாதத்தைச் சிறு மணையின்மேல் வைத்து, இடத்தொடையை உயர்த்தி, அதன்மேல் கருவியை நிறுத்தி வாசித்தார். அம்முறை அவர்வழியே பெரிதும் பரவியது. கழுத்து மேல்நோக்கிச் சாய்ந்தமையால் மணிக்கட்டு நேராயிற்று. பெருவிரலும் சுமை நீங்கியது.

பெருவிரலின் இடம்பற்றி ஐரோப்பாவில் வழக்கு ஒன்று நெடுநாள் நடந்தது. பார்சிலோனாவில் பிறந்து பாரிசில் வாழ்ந்த பெர்னாந்தோ சோர் (1778-1839), 1830இல் கிட்டார்ப் பயிற்சி நூல் ஒன்றை வெளியிட்டார். பெருவிரல் கழுத்தின் பின்னே விரல்களுக்கு எதிராக நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் காலத்தில் வேறு சிலர், பெருவிரலைக் கழுத்தின் மேல்விளிம்பைக் கடந்து கொணர்ந்து, கனத்த ஆறாம் தந்தியை அதனாலேயே அழுத்தி வாசித்தனர். நான்கு விரல்களுடன் ஐந்தாவதாக ஒரு விரல் கிடைக்கின்றதே என்பது அவர்கள் வாதம். நெறிமுறைப் பயிற்சியில் சோர் கூறிய முறையே நிலைபெற்றது. எனினும் மற்ற முறை மாண்டுவிடவில்லை. அமெரிக்க நாட்டுப்புற இசையிலும், பின்னர் மின்கிட்டாரிலும் அது தழைத்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் (1942-1970) என்னும் புகழ்பெற்ற கலைஞர் அடித்தந்தியைப் பெருவிரலால் அழுத்தி வாசித்தவர். அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆதலின் அவர்க்கு மெட்டின்மேல் இயங்கியது வலக்கை என்பதும் நோக்கத்தக்கது.

இருவரில் பிழைபட்டவர் எவர்? கருவியை அளந்தால் விடை கிடைக்கும். பழைய முறைக் கிட்டாரின் கழுத்து, தொடக்கத்தில் ஏறத்தாழ 5.2 சென்டிமீட்டர் அகலமுடையது. எஃகுத் தந்தி பூட்டிய கிட்டாரிலும் மின்கிட்டாரிலும் அது ஏறத்தாழ 4.3 சென்டிமீட்டரே. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இவ்வேறுபாடு, பெருவிரலுக்குப் பெரிதாகும். அகன்ற கழுத்தைச் சுற்றிவர முயன்றால் விரல்கள் முடங்கும். ஒடுங்கிய கழுத்தைப் பெரிய கை எளிதில் சுற்றும். ஹெண்ட்ரிக்ஸின் கைகள் மிக நீண்டவை. அவரைப் பார்த்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் அவ்வாறே செய்யப் புகுதல், யானை நடந்த வழியில் கன்று அடியெடுத்து வைத்த கதையாகும். ஆகவே ஒருவர் கொண்ட முறையைக் கருவியையும் கையையும் நோக்காமல் மற்றொருவர் மேல் ஏற்றுதல் பொருந்தாது. பெல்ஜியத்தில் பிறந்த ஜாங்கோ ரைன்ஹார்ட் (1910-1953), 1928இல் தாம் வாழ்ந்த வண்டி தீப்பற்றியதில் இடக்கையின் மோதிரவிரலும் சிறுவிரலும் முடமாகப் பெற்றார். எஞ்சிய இரண்டு விரல்களையே பெரிதும் கொண்டு, தம் காலத்துக் கிட்டார்க் கலைஞருள் தலைசிறந்தவராக விளங்கினார். எந்தப் பயிற்சி நூலின் விதியும் அவர் கைக்குப் பொருந்தியிராது. அவர் தம் கைக்கு ஏற்ற விதியைத் தாமே ஆக்கிக்கொண்டார்.

இனித் தமிழ்நாட்டு நரம்புக்கருவிகளில் இவ்விரலின் நிலையை நோக்குவோம். பழந்தமிழர் போற்றிய யாழில் மெட்டுகள் இல்லை. ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு சுரத்திற்கு உரியது. ஆதலின் நரம்பைப் பலகையோடு சேர்த்து அழுத்த வேண்டுவதில்லை. ஆயினும் கை வைக்கும் முறையைப் புலவர்கள் நுணுகி நோக்கியிருக்கின்றனர். சிலப்பதிகாரத்து வேனிற்காதையில் மாதவி யாழை ஏந்தும் இடத்தில், அவளது வலக்கை பதாகையாக யாழின் கோட்டோடு சேர்ந்ததையும், இடக்கையின் நான்கு விரல்கள் மாடகத்தைத் தழுவியதையும் இளங்கோவடிகள் கூறுகின்றார். பதாகை என்பது, பெருவிரலை மடக்கி மற்ற விரல்களை நிமிர்த்தி நிற்கும் கை. இரண்டு கைகளிலும் பெருவிரலின் நிலையை வேறாகப் பிரித்துணரும் வகையில் அமைந்த அச்சொற்களை, நரம்புக்கருவியில் கைவைத்துப் பழகியவர் மிக நன்கு சுவைப்பர்.

காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலில் வீணை ஏந்திய சிவபெருமானின் வடிவம் உண்டு. இராசசிம்ம பல்லவன் அக்கோயிலை எடுப்பித்தது கி.பி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அக்காலத்து வீணை இன்றைய வீணையன்று. இன்றைய வீணை தஞ்சை நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், 24 மெட்டுகளோடு நிலைபெற்றது. மெட்டுகள் மெழுகின்மேல் பதிக்கப்பட்டிருக்கும். வாசிப்புத் தந்திகள் நான்கு, தாளத்திற்குரியவை மூன்று. குடம் தரையில் அமர்கின்றது. மறுபுறத்துச் சுரைக்குடுக்கை இடத்தொடையின்மேல் அமர்கின்றது. இடக்கை தண்டியின் கீழாகச் சென்று வளைந்து மேலேறி, சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் தந்தியை இயக்குகின்றது. தரையும் தொடையும் சுமையை ஏற்றுக்கொண்டதனால், இடக்கைக்குத் தாங்கும் வேலை இல்லை. வீணையில் தந்தியை அழுத்துவதோடு அமையாது, மெட்டின்மேலேயே பக்கவாட்டில் இழுத்தும் வாசிப்பர். ஒரு மெட்டில் நின்றுகொண்டே அடுத்தடுத்த சுரங்களைப் பிறப்பிக்கும் அவ்விழுப்பிற்குக் கை முழுவதும் இயங்க வேண்டும். பெருவிரல் தண்டியை இறுகப் பற்றியிருந்தால் கமகம் பிறவாது. கருநாடக இசை மும்மணிகளுள் ஒருவராகிய முத்துசுவாமி தீட்சிதர் சில ஆண்டுகள் காஞ்சியில் தங்கியவர். அவர் வீணையில் வல்லவர். அவர்தம் கீர்த்தனைகளில் காணப்படும் நீண்ட, விளம்பமான நடைக்கு அக்கருவியின் பழக்கமும் ஒரு காரணம் என்று இசையறிஞர் கூறுவர்.

அவருடைய தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858) செய்தது இப்பொருளுக்கு இன்னும் நெருங்கியது. ஐரோப்பியர் வாசித்த வயலினைச் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடமே கற்று, அதனை நம் இசைக்கு ஏற்பப் பயன்படுத்தினார். வயலினில் மெட்டுகள் இல்லை. விரல் நின்ற இடமே சுரம். மேனாட்டார் நின்றுகொண்டோ நாற்காலியில் அமர்ந்தோ வயலினைத் தோள்மேல் வைத்து வாசித்தனர். முகவாயைச் சார்த்தும் கட்டை 1820ஐ ஒட்டியே தோன்றியது. அதற்கு முன் கருவியின் சுமையில் ஒரு பங்கை இடக்கைப் பெருவிரல் ஏற்க வேண்டியிருந்தது. நம்மவரோ தரையில் சம்மணமிட்டு அமர்ந்தனர். வயலினின் ஒரு முனையை மார்பின் இடப்புறத்தில் பொருத்தி, சுருண்ட தலைப்பகுதியை வலக்காலின் கணுக்காலருகே ஊன்றினர். இரண்டு முனைகளும் நிலைகொண்டபின் இடக்கைக்குத் தாங்கும் வேலை அறவே இல்லாமற் போயிற்று. பெருவிரல் கழுத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும், கையோடு சேர்ந்து மேலும் கீழும் தங்குதடையின்றி வழுக்கிச் செல்லலாயிற்று. ஒரு சுரத்திலிருந்து தொலைவிலுள்ள மற்றொரு சுரத்திற்கு இடையறாது இழைந்து செல்லும் நம் இசைக்கு அதுவே வேண்டுவது. காலின்மேல் வயலினை வைப்பது கண்டு நகைத்த மேனாட்டாரும் இருந்திருக்கலாம். ஆனால் வாய்ப்பாட்டின் ஒவ்வொரு நெளிவையும் நிழல்போல் பின்தொடரும் கருவியாக வயலின் இந்நாட்டில் ஆனதற்கு அவ்விருக்கை முறை பெருந்துணை புரிந்தது.

கிட்டாரில் நம் இராகங்களை வாசிக்கப் புகுந்தவர்க்கு இவ்வினா மீண்டும் எழுந்தது. 1980களில் சுகுமார் பிரசாத்தும், அவருக்குப் பின்னர் ஆர். பிரசன்னாவும் கிட்டாரில் கருநாடக இசைக் கச்சேரி நிகழ்த்தினர். மின்மாண்டலினில் உ. ஸ்ரீநிவாஸ் (1969-2014) சிறுவயதிலேயே புகழ் பெற்றார். கிட்டாரின் மெட்டுகள் கமகத்திற்காக அமைக்கப்பட்டவையல்ல. ஒரு மெட்டிற்கும் மறு மெட்டிற்கும் இடைப்பட்ட ஒலிகளைப் பெற, விரலைத் தந்தியோடு வழுக்கிச் செல்லுதல் வேண்டும். அல்லது தந்தியைக் கழுத்தின் குறுக்கே தள்ளி இழுத்தல் வேண்டும். வழுக்கிச் செல்லும்பொழுது பெருவிரல் பின்னே மெலிதாக உடன் செல்கின்றது. தந்தியைத் தள்ளும்பொழுதோ நிலைமை மாறுகின்றது. இழுத்துக் கட்டிய எஃகுத் தந்தியை விரலின் வலிமையால் மட்டும் தள்ளுதல் கடினம். மணிக்கட்டு, கதவு கீலில் திரும்புவதுபோல் திரும்பித் தள்ளுதல் வேண்டும். அத்திருப்பத்திற்கு ஒரு நிலைக்களன் வேண்டுமன்றோ? அப்பொழுது பெருவிரல் மேலேறிக் கழுத்தின் விளிம்பில் ஊன்றிக்கொள்கின்றது. பயிற்சி நூல் குற்றம் என விலக்கிய இடமே அங்குக் குணமாகின்றது. வேலை முடிந்தவுடன் பெருவிரல் தன் பழைய இடத்திற்குத் திரும்பிவிடுகின்றது. தேர்ந்த கலைஞரின் கையைப் பின்புறத்திலிருந்து நோக்கினால், பெருவிரல் ஓரிடத்தில் நில்லாமல் ஏறியும் இறங்கியும் நகர்ந்துகொண்டேயிருப்பதைக் காணலாம். அரங்கில் முன்வரிசையில் அமர்ந்திருப்போர்க்கு இது தெரிவதில்லை; அவர்கள் காண்பது நான்கு விரல்களின் ஆட்டத்தையே.

நோவைப்பற்றிய செய்தியும் கூறுதற்குரியது. விரல்நுனித் தோல் எரிவது தொடக்கத்தில் இயல்பே. சில வாரங்களில் தோல் தடித்து அது நீங்கும். பெருவிரலின் அடியிலும், மணிக்கட்டிலும், முன்கையிலும் தோன்றும் நோவு அத்தகையதன்று. விரல்கள் மரத்துப்போதலும் அத்தகையதன்று. பெருவிரலை இயக்கும் நாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஓர் உறைக்குள் செல்கின்றன. அவ்வுறை தடித்து நாண்களை நெருக்கும் நோயை சுவிட்சர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் பிரிட்ஸ் தெ கெர்வேன் 1895இல் விளக்கினார். இன்றும் அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பெருவிரலை ஓயாது இறுக்கிப் பயன்படுத்துவோர்க்கு அது வரக்கூடும். பொறுத்துக்கொண்டு வாசித்தால் பழகிவிடும் என்று எண்ணுவது பெரும் தவறு. இத்தகைய நோவு தோன்றினால் வாசிப்பை நிறுத்திக் கைக்கு ஓய்வு கொடுத்தல் வேண்டும். நோவு நீங்காவிடில் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். கையால் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இதனை இருமுறை சொல்ல வேண்டுவதில்லை.

ஐயம்பேட்டை மாணவனிடம் மீள்வோம். கை நோவு தீரும்வரை அவன் ஒரு வாரம் கிட்டாரைத் தொடவில்லை. பிறகு அவனுடைய ஆசிரியர் அவனை நேராக அமரச் செய்து, கருவியை மடியில் அசையாது நிறுத்தி, இடக்கையை எடுத்துவிடச் சொன்னார். கை இல்லாமலே கழுத்து தன் இடத்தில் நின்றது. “இப்பொழுது தாங்குவது யார்?” என்று கேட்டார். மாணவன் தன் தொடையையும் வலது முன்கையையும் பார்த்துக்கொண்டான். பின்னர், இடக்கையைக் கொணர்ந்து, பெருவிரலை நடுவிரலுக்கு எதிரே வைத்து, ஒரே தந்தியில் நான்கு சுரங்களை மெல்ல வாசிக்கச் சொன்னார். வாசிக்கும்பொழுதே பெருவிரலைக் கணநேரம் தூக்கிவிட்டு மீண்டும் வைக்கச் சொன்னார். முதலில் சுரம் தடுமாறியது. மெட்டிற்கு அருகில் விரலை வைக்க வைக்கத் தடுமாற்றம் குறைந்தது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். அதற்குமேல் வேண்டா என்றார்.

வீட்டில் சோதித்துப் பார்க்க அவன் தானே ஒரு வழி கண்டான். தறியடியில் கிடந்த கழிவுப் பட்டிழை ஒன்றை எடுத்து, பெருவிரலுக்கும் கிட்டாரின் கழுத்துக்கும் நடுவே வைத்தான். அவன் வாசித்துக்கொண்டிருக்கையில் அவன் தங்கை அதன் முனையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். முதல் நாள் இழை அறுந்தது. இரண்டாம் நாளும் அறுந்தது. தந்தையார் தறியில் இருந்தவாறே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, ஒரு பாடம் முழுவதும் ஒலித்து முடிவதற்குள் இழை அறாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. தங்கை அதனைத் தந்தையாரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் அதனை வாங்கி, இரண்டு விரல்களுக்கிடையே ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு, நாடாவை எடுத்தார்.